நிலுவையில் ஒரு சல்யூட்

ராணுவ உடுப்பு போட வேண்டுமென்று செல்லச்சாமி ஆசைப்பட்டதே இல்லை. போடு என்றார்கள், போட்டார். கழற்று என்றார்கள், கழற்றினார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர் பயந்து பயந்து பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

சிவகாசிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது மின்னல்கொடி பயர்ஒர்க்ஸ். செல்லச்சாமி அதன் வாட்ச்மேன். முன்பு அங்கேயே வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமில் வேலை பார்த்தவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆர்டர் விஷயமாக வெளியூர்க்காரர் ஒருவர் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தார். அவர் ஷூவைக் கழற்றவில்லை. ஷூவுக்கு அடியில் ஆணி இருந்தது. பெரிய ஆளாயிற்றே, எப்படிச் சொல்வது என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஆணி தரையில் உரசிப் பொறி பறந்து மருந்து பற்றிக்கொண்டது. வெளியூர்க்காரர் வாசலுக்குப் பக்கத்தில் நின்றதால் தப்பித்துக்கொண்டார். செல்லச்சாமி உள்ளே புகுந்து மூன்று பெண்களை இழுத்து வெளியே போட்டார். நாலாவது ஆள் முருகம்மாள். அவளை எடுக்க முடியவில்லை. செல்லச்சாமியின் வலது கை விரல்கள் நான்கும் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்தக் கையால் இனித் திரி கிள்ள முடியாது, குழாய் அடைக்க முடியாது. அதனால் வாசலுக்கு வந்தார்.

வாசல் வேலையை அவர் பார்த்த விதம் தனி. காலையில் நாலு வேன் ஆட்கள் வந்து இறங்குவார்கள். பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாம் வெளியே. நைலான் சேலை கட்டி வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான், நூல் சேலைக்கு மட்டும்தான் அனுமதி. வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டை ஒவ்வொருவரும் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பது ஏற்பாடு. முதலாளி வெள்ளைத்துரை அண்ணாச்சி வந்தாலும், "அண்ணாச்சி, தகடு" என்பார். தைரியத்தில் சொல்வதல்ல, பயத்தில் சொல்வது. நெருப்பென்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். பட்டாசுக் கம்பெனி வாசலில் நிற்பதற்கு அதைவிட வேறு தகுதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

போன வைகாசி மாதம் அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்கு ஐதராபாத் போனார். அங்கே ஓட்டல் வாசலில் தளபதி மாதிரி உடுத்திய ஒருவர் கார்க்கதவைத் திறந்து சல்யூட் அடித்தார். அண்ணாச்சிக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது.

"நம்ம வாசலுக்கும் ஒரு கம்பீரம் வேணும்ல, செல்லச்சாமி" என்றார் ஊருக்கு வந்ததும்.

பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக ராணுவ நிறத்தில் சட்டையும் பேண்ட்டும் வந்தன. சிவப்புத் தொப்பி வந்தது. விசில் வந்தது. தோளுக்கு மூன்று மூன்று நட்சத்திரங்கள். ராக்கெட் பெட்டிக்கு ஒட்டும் தங்கக் கலர் லேபிளை வெட்டி அட்டையில் ஒட்டியவை அவை. செல்லச்சாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"துணி காட்டன்தான அண்ணாச்சி?"

காட்டன்தான். போட்டுக்கொண்டார். யாரோ ஒரு புண்ணியவான் அந்த வழியாகப் போகும்போது போட்டோ எடுத்தார். இருபது நாளில் விருதுநகர் பக்கம் சூலக்கரையிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது.

அனுப்பியது மாவட்டச் சீருடை மாண்புக் குழு. இப்படி ஒரு குழு இருப்பது அது நோட்டீஸ் அனுப்புகிற வரை யாருக்கும் தெரியாது. அது நோட்டீஸ் அனுப்பியதும் அதுவே முதல் தடவை. 'போர்முனை காணாத தாங்கள், போர்முனை கண்டோர்க்குரிய தோற்றத்தை மேற்கொண்டு, ஈட்டப்படாத மரியாதையைப் பொதுமக்களிடமிருந்து பெற்றுவருவதாகத் தெரியவருகிறது. குற்றம் நிரூபணமானால், மாவட்டத்தின் எந்த வாயிலிலும் நிற்கும் தகுதியைத் தாங்கள் இழப்பீர்கள்.'

வாசல் போனால் செல்லச்சாமிக்கு என்ன இருக்கிறது? ஒட்டிய விரலை வைத்துக்கொண்டு எங்கே போய் வேலை கேட்பது? நோட்டீஸை அண்ணாச்சியிடம் கொண்டுபோனார். அண்ணாச்சி இரண்டு தடவை படித்தார்.

"நான் தச்சுக் குடுத்தேன்னு மட்டும் சொல்லிராத செல்லச்சாமி. சீசன் நேரம்" என்றார்.

விசாரணை நாளன்று செல்லச்சாமி அந்த உடுப்போடுதான் வர வேண்டும் என்று உத்தரவு. மஞ்சப் பையில் ஒரு வேட்டியும் சோப்புக்கட்டியும் எடுத்துக்கொண்டார். ஜெயிலுக்குத் தேவைப்படும் என்று எண்ணம்.

சூலக்கரையில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் குழு கூடியிருந்தது. தலைவர் சுந்தரபாண்டி நடுவில் இருந்தார். அவர் பணிக்காலம் முழுவதும் கோழிப்பண்ணை மானியப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குழுவுக்கென்று குழுவே வகுத்துக்கொண்ட சீருடையில் இருந்தார். பாசிப்பச்சைக் கோட்டு, தோளில் தங்கச் சரிகை, இடுப்பில் பெரிய பித்தளை பக்கிள், காலில் பளபளக்கும் பூட்ஸ். நெஞ்சில் நாலு பதக்கங்கள் தொங்கின. பக்கத்தில் செயலாளர் ஸ்ரீராம்குமார் படிவக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு பதக்கம்தான், இளைஞர்.

செல்லச்சாமியின் கண் அந்தப் பதக்கங்கள் மேல் போனதைத் தலைவர் கவனித்துவிட்டார்.

"என்ன பாக்குறீங்க? இதெல்லாம் சும்மா வரல. ஈட்டினது" என்று ஆரம்பித்தார். "இந்த முதல் பதக்கம், குழுவோட முதல் கூட்டத்துல ஆறு மணி நேரம் அசையாம உட்கார்ந்ததுக்கு. ரெண்டாவது, அந்த முதல் பதக்கம் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ணினதுக்கு. மூணாவது, மத்த உறுப்பினர்களுக்கு அதைக் குத்திவிட்டதுக்கு. குத்தும்போது ஊசி என் விரல்ல ஏறிருச்சு. ரத்தம் வந்துச்சு. நாலாவது அதுக்கு. மரியாதைங்கிறது ரத்தம் சிந்தி வாங்குறதுய்யா. உங்கள மாதிரி டெய்லர் கடையில வாங்குறது இல்ல."

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுய்யா. போடச் சொன்னாக, போட்டேன்."

"யாரு சொன்னா?"

சீசன் நேரம் என்பது செல்லச்சாமிக்கு ஞாபகம் வந்தது. அண்ணாச்சி பெயரை விழுங்கிக்கொண்டார். ஸ்ரீராம்குமார் 'தாமாகவே' என்று எழுதிக்கொண்டார்.

"அந்தக் கை என்ன?" என்று கேட்டார் தலைவர்.

"மருந்து ரூம்ல தீப் புடிச்சப்ப ஆள இழுத்துப் போட்டேன்யா. மூணு பேர. இன்னும் ஒரு ஆளு இருந்துச்சு. அத..."

"எந்த எல்லையில?"

"எல்லைன்னா... நம்ம சிவகாசி எல்லைதான்யா."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "அது தொழில் விபத்து. அதுக்கு மரியாதை கிடையாது. ஆறுதல் உண்டு. ஆறுதல் வேற பிரிவு, கீழ்த் தளம். இப்ப ஆள் இல்ல."

அடுத்து ஒரு படிவம் வந்தது. அந்த உடுப்பு போட்ட நாளிலிருந்து யார் யாரிடமிருந்து எத்தனை சல்யூட் பெறப்பட்டது என்று அதில் எழுத வேண்டும். பொய் எழுதினால் அது தனிக் குற்றமாகிவிடும் என்று தோன்றியது. செல்லச்சாமி யோசித்து யோசித்து மூன்று பேரைச் சொன்னார். வேன் டிரைவர் பாண்டிராஜ், விளையாட்டுக்கு. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு குடிகாரன். கல்யாணத்துக்கு வெடி வாங்க வந்த காரியாபட்டிக்காரர் அய்யப்பன், அவர் நிஜமாகவே பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர்.

குழு உள்ளே போய் ஆலோசித்துவிட்டு வந்து தீர்ப்பை வாசித்தது. ஈட்டப்படாத மூன்று சல்யூட்டுகளையும் செல்லச்சாமி உரியவர்களிடம் செயலாளர் முன்னிலையில் திருப்பிச் செலுத்த வேண்டும். பிறகு, களங்கம் நிகழ்ந்த இடத்தைக் குழு நேரில் பார்வையிட்டு, வாசல் வேலை அவருக்கு உண்டா இல்லையா என்று முடிவு செய்யும். அதுவரை அதிகாரத் தோற்றம் தரும் எந்த மேலுடுப்பையும் அவர் அணியக் கூடாது.

உடுப்பை அங்கேயே கழற்றி அரக்கு முத்திரை வைத்துக் கட்டினார்கள். நட்சத்திரத்துக்குத் தனி உறை. ஜெயிலுக்கென்று கொண்டுபோன வேட்டியைக் கட்டிக்கொண்டு, பனியனோடு செல்லச்சாமி பஸ் ஏறினார். ஜெயிலில் போடவில்லையே என்று ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. வாசல் போய்விடுமே என்கிற நினைப்பு வந்ததும் அந்த நிம்மதி சாத்தூர் ரோடு திரும்புவதற்குள் காணாமல் போனது.

எந்தச் சட்டை அதிகாரத் தோற்றம் தந்துவிடுமோ என்று பயந்து, மறுநாள் முதல் பனியனோடு வாசலில் நின்றார். பாண்டிராஜுக்கு முதல் சல்யூட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்ரீராம்குமார் பக்கத்தில் வந்து செல்லச்சாமியின் கையைக் கூர்ந்து பார்த்தார்.

"விரல்கள் நாலும் இடைவெளி இல்லாமச் சேர்ந்திருக்கு. சரியான முறை இது. எங்க பழகினீங்க?"

"தீயிலய்யா" என்றார் செல்லச்சாமி.

ஸ்ரீராம்குமார் அதையும் எழுதிக்கொண்டார்.

குடிகாரனைப் பஸ் ஸ்டாண்டில் மூன்று நாள் தேடினார்கள். கிடைத்தான். செல்லச்சாமி சல்யூட் அடித்ததும் அவன் கண் கலங்கிவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனுசன் தனக்கு மரியாதை கொடுத்துவிட்டான் என்று சொல்லி விறைப்பாக நின்று அவனும் ஒன்று அடித்தான். கணக்கு பழையபடி ஆகிவிட்டது. செல்லச்சாமி மறுபடி திருப்பினார். அவனும் மறுபடி அடித்தான். பஸ்ஸுக்கு நின்ற ஜனம் சுற்றிக் கூடியது. அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றதும் அவன் ஏறிப் போனான், கடைசியாக அடித்தது செல்லச்சாமியாக இருந்ததால் பிழைத்தார்.

காரியாபட்டிக்குப் போனபோது அய்யப்பன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மக்காச்சோளக் காட்டில் நின்றார். காட்டுக்கு நடுவில் பன்றியை விரட்ட ஒரு வைக்கோல் பொம்மை. அதற்கு அவருடைய நிஜப் பட்டாளத்துச் சட்டையைப் போட்டிருந்தார். வெயிலில் வெளுத்த சட்டை. ஸ்ரீராம்குமாருக்கு அதைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. முதலில் பொம்மையிடம் போய் அதன் பெயரைக் கேட்டார். பிறகு படிவத்தில், 'பெயர் சொல்ல மறுத்தார்' என்று எழுதி ஒரு நகலை வைக்கோல் கையில் செருகினார்.

செல்லச்சாமி வந்த காரியத்தைச் சொல்லிக் கையைத் தூக்கினார். அய்யப்பன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

"அதத் திருப்பி வாங்க மாட்டேன். நான் ஒங்க சட்டைக்கா வச்சேன்? வெடி வாங்க வந்த அன்னைக்கு என் பையிலிருந்து தீப்பெட்டிய எடுத்து வெளிய வச்சீகள்ல. நான் பெரிய பட்டாளத்தான்னு சொல்லிக் குதிச்சேன். நீங்க நடுங்கிக்கிட்டே நின்னீக, ஆனா வழிய விடல. நான் வச்சது அதுக்கு."

"அய்யா, வாங்கிக்கிடுங்கய்யா. இல்லன்னா என் வேலை போயிரும்" என்று செல்லச்சாமி கும்பிட்டார். அழுகையே வந்துவிட்டது.

அய்யப்பன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார். ஸ்ரீராம்குமார் எழுதினார்: 'பெறுநர் ஏற்க மறுத்ததால், ஒரு சல்யூட் நிலுவை.'

நிலுவை வைத்திருக்கிறவன் என்கிற பயம் செல்லச்சாமியைச் சோறு தின்ன விடவில்லை. பார்வையிடும் நாளும் வந்தது. காற்று ஈரமில்லாமல் வறண்டு கிடந்த நாள். உள்ளே காயப்போட்ட மருந்து மேடையில் இருந்தது. ஷெட்டுக்கு நாலு பேராகப் பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூன்று கார்கள் வந்து நின்றன. அண்ணாச்சி மாலையோடு ஓடினார்.

தலைவர் சுந்தரபாண்டி முழுச் சீருடையில் இறங்கினார். பூட்ஸ் சிமெண்டுத் தரையில் டக் டக் என்றது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் செல்லச்சாமிக்கு உடம்பு முழுக்க வேர்த்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே சத்தம். அடியில் ஆணி. கோட்டு பாலியஸ்டர், பார்த்தாலே தெரிந்தது. பதக்கம், பக்கிள், சட்டைப் பையில் செல்போன். எதிரே வருகிறவர் தன் வேலையைப் பறிக்க வந்தவர். பின்னால் நாற்பது பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். செல்லச்சாமிக்கு இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. எந்தப் பயம் பெரியது என்று கால்களுக்குத்தான் தெரிந்தது. அவை நகர்ந்து வாசலுக்கு நடுவில் போய் நின்றுவிட்டன.

"அய்யா... பூட்ஸக் கழத்துங்கய்யா" என்றார்.

"என்னது?"

"கோட்டையும்யா. பதக்கமும். போனும். நான் கும்பிட்டுக் கேக்கேன்யா."

அண்ணாச்சி பதறினார். "ஏலே செல்லச்சாமி, வழிய விடுலே! யாருன்னு தெரியாமப் பேசுத?"

"தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு வந்தவுகளும் பெரிய ஆளுதான்."

தலைவர் முகம் சிவந்தது. "இந்தப் பூட்ஸ் மரியாதையோட அங்கம். குழுத் தீர்மானம் இருக்கு. இதைக் கழற்றினா நான் யாரு? பனியனோட நிக்கிற உனக்கு என்னைக் கழற்றச் சொல்ல என்ன அதிகாரம்? உன் தோள்ல என்ன இருக்கு?"

தோளில் ஒன்றுமில்லை. பனியனில் ஒரு ஓட்டை இருந்தது. செல்லச்சாமி அந்த ஓட்டையைக் கையால் மூடிக்கொண்டார். ஆனால் வழி விடவில்லை.

அப்போது முதல் ஷெட்டிலிருந்து மாடத்தி எழுந்து வெளியே வந்தாள். அன்று செல்லச்சாமி இழுத்துப் போட்ட மூன்று பேரில் அவள் ஒருத்தி. கழுத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது.

"அண்ணாச்சி, அவுக பூட்ஸோட உள்ள வந்தா நாங்க வெளிய போயிருதோம்" என்றாள். "எங்களுக்கு ஆணிச் சத்தம் தெரியும்."

ஷெட் ஷெட்டாகப் பெண்கள் எழுந்து வெளியே வந்து நின்றார்கள். சீசன் நேரம். வேலை அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்த அண்ணாச்சி, மாலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அய்யா, ஒரு சின்ன விதிமுறைதான், கழத்திருங்களேன்" என்றார்.

தலைவர் வாசலுக்கு வெளியே, காருக்குப் பக்கத்தில் நின்று கழற்றினார். பூட்ஸ். பக்கிள். பதக்கம் நாலு. கடைசியாகக் கோட்டை உருவினார். பாலியஸ்டர் உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. உருவும்போது சடசடவென்று பொரிந்தது. தலைமயிர் நட்டுக்கொண்டு நின்றது. கழற்றிய கோட்டை வாங்கக் கை நீட்டிய ஸ்ரீராம்குமாரின் விரலில் பொறி ஒன்று சுருக்கென்று தைத்தது. அவர் கத்திவிட்டார்.

பெண்கள் அத்தனை பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். மருந்து காய்கிற மேடை அங்கிருந்து முப்பது அடி. தலைவர் மேடையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. அவர் முகத்திலிருந்த பயம் செல்லச்சாமிக்கு நன்றாகப் பழக்கமான பயம்.

குழு உள்ளே போகவில்லை. வெறுங்காலோடு காரில் ஏறித் திரும்பிவிட்டது.

ஒன்பதாம் நாள் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. 'முதல் குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. தங்களிடம் சீருடை ஏதும் தற்போது இல்லை என்பது உறுதியானதே காரணம். எனினும், சீருடை ஏதும் அணியாத நிலையில் தாங்கள் அதிகாரம் செலுத்தியதும், குழுத் தலைவரே அதற்குக் கீழ்ப்படிந்ததும் கவனத்துக்கு வந்துள்ளன. இது முதல் குற்றத்தைவிடக் கடுமையானது. மேற்படி கீழ்ப்படிதலை எவ்விதம் திருப்பிச் செலுத்துவீர்கள் என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும். நிலுவையிலுள்ள சல்யூட் தனி.' கடைசியில் ஒரு வரி இருந்தது. தலைவருக்கு ஐந்தாவது பதக்கம் வழங்கப்பட்டிருக்கிறது, வெடி அபாயத்தை நேருக்கு நேர் சந்தித்ததற்காக.

செல்லச்சாமி அதைப் படித்துவிட்டு வாசலில் நின்றார். பனியனோடுதான். முதல் வேன் வந்தது. பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு இறங்கினார்கள். முன்னால் வந்த மாடத்தி அவருக்கு எதிரே நின்றாள். தூக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நெற்றிக்குத் தூக்கி ஒரு சல்யூட் வைத்தாள். அவள் சிரிக்கவில்லை.

செல்லச்சாமி அரண்டுபோனார். "ஐயோ, கையக் கீழ போடு தாயி! அத வேற திருப்பிக் குடுக்கச் சொல்லுவாக. ஏற்கெனவே ஒண்ணு நிலுவையில கெடக்கு!"

"கெடக்கட்டும்ணே" என்றாள் மாடத்தி. "ஒம்பது வருசமா என்கிட்ட நிலுவையில கெடந்தது இது."

அவளுக்குப் பின்னால் இறங்கியவர்களும் வரிசையாக நின்று கையைத் தூக்கினார்கள். செல்லச்சாமி ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். ஸ்ரீராம்குமார் இல்லை. போட்டோ எடுக்கிறவர் யாரும் இல்லை. விரல் ஒட்டிய அந்தக் கை தானாக மேலே போனது. பாதி வழியில் நின்றது, ஆனாலும் நெற்றிக்குப் போய்ச் சேர்ந்தது.

"சரி, சரி" என்றார் அவசரமாக. "தகட்டத் தொட்டுட்டுப் போங்க."